காலும் பாதமும்: ஃபோரார்ல்பெர்க்கில் ஒரு செவிலியின் ஆறு ஆண்டுகள்

ஆஸ்திரியாவின் மேற்குக் கோடியில் ஒரு முதியோர் இல்லம். இரவுப் பணி முடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஒரு பாட்டியின் அறையிலிருந்து அழைப்பு மணி ஒலித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கிடந்தார். கழிவறைக்குப் போக எழுந்தவர் தடுமாறி விழுந்திருக்கிறார். போர்வை இடுப்போடு சுற்றிக்கொண்டிருந்தது. "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டேன். "ஃபுவஸ்" என்றார். வட்டார வழக்கில் அது 'ஃபூஸ்' என்ற சொல்தான் என்பது அதற்குள் எனக்குப் பிடிபட்டிருந்தது. ஃபூஸ் என்றால் பாதம் என்று கோயம்புத்தூரில் ஜெர்மன் வகுப்பில் படித்திருந்தேன். பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தேன். கணுக்காலை அழுத்தினேன், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். வீக்கம் இல்லை, கன்றிப்போகவில்லை. சுளுக்காக இருக்கும் என்று நினைத்து, தூக்கிக் கட்டிலில் விடுவதற்காக உடன் பணியில் இருந்த மூத்த செவிலியை அழைத்தேன்.

அவர் வாசலில் நின்றபடியே "தூக்காதே!" என்றார். குனிந்து போர்வையை விலக்கினார். ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாக, வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொடை எலும்பின் கழுத்து முறிந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறு கிடையாது. செவிலியர் படிப்பின் முதல் ஆண்டிலேயே கற்றுத் தரும் பாடம் அது. நான் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் தொடை என் கண்ணில் படவே இல்லை.

இந்தப் பக்கத்து மக்கள் 'ஃபுவஸ்' என்றால் இடுப்பிலிருந்து கால்விரல் வரை எல்லாம் அதில் அடக்கம். பாடப்புத்தகம் காலுக்கு 'பைன்', பாதத்துக்கு 'ஃபூஸ்' என்று பிரித்து வைத்திருக்கிறது. பேச்சில் அந்தப் பிரிவு இல்லை. தென் ஜெர்மன் பேச்சு வழக்குகள் பலவற்றிலும் இப்படித்தான். பொள்ளாச்சியில் ஒரு பாட்டி "கால் வலிக்குது" என்று சொல்லியிருந்தால் நான் பாதத்தை மட்டும் பார்த்திருப்பேனா? காலில் எங்கே என்று கேட்டிருப்பேன். என் தாய்மொழிக்குப் பழகிய ஒன்றை, அயல்மொழியில் தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கிய காரணத்தால் மறந்துபோனேன். அந்த விடியற்காலை எனக்கு இன்றும் ஆறாத வடு. அதனால்தான் இந்த அனுபவத்தை எழுதுகிறேன். ஆஸ்திரியாவுக்குச் செவிலியராக வர நினைக்கும் நம் பெண்களும் ஆண்களும் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

ஃபோரார்ல்பெர்க் ஆஸ்திரியாவின் ஒன்பது மாநிலங்களில் மேற்குக் கோடியில் இருப்பது. பரப்பு ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை நான்கு லட்சம். தலைநகர் பிரெகென்ஸ், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் இருக்கிறது. மக்கள் அதிகம் வாழும் ஊர் டோர்ன்பிர்ன். நான் இருப்பது அங்கேதான். கிழக்கே ஆர்ல்பெர்க் மலை. அந்த மலைக்கு முன்னால் உள்ள நாடு என்பதுதான் மாநிலத்தின் பெயருக்கே பொருள். 1884-இல் மலையைக் குடைந்து 10 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ரயில் சுரங்கப்பாதை போட்ட பிறகுதான் குளிர்காலத்திலும் கிழக்கோடு தடையில்லாத போக்குவரத்து உண்டானது. மேற்கே ரைன் நதியைக் கடந்தால் சுவிட்சர்லாந்து. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919 மே மாதம் இங்கே நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் சுவிட்சர்லாந்தோடு சேர்வதற்குப் பேச்சு நடத்த வேண்டும் என்று வாக்களித்தார்கள். அது நிறைவேறவில்லை. ஆனால் பேச்சைக் கேட்டால் அந்த வாக்கின் காரணங்களில் ஒன்று புரியும். ஆஸ்திரியாவின் பிற மாநிலங்களில் பெரும்பாலும் பேசப்படுவது ஜெர்மனின் பவேரிய வழக்கு. இங்கே பேசப்படுவது அலெமானிய வழக்கு. சுவிஸ் ஜெர்மனுக்கு உடன்பிறப்பு. வியன்னாக்காரர்களே இங்கு வந்தால் முதல் வாரம் திணறுகிறார்கள். 'இருந்தேன்' என்பதற்கான 'கெவேஸன்' இங்கே 'க்ஸி' என்று சுருங்கிவிடும். அதனால் இவர்களுக்குப் பிற மாநிலத்தார் வைத்த பெயர் 'க்ஸிபெர்கர்'.

இதில் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுக்கு எழுத்து ஜெர்மனில் 'ஹவுஸ்'. இங்கே 'ஹூஸ்'. நேரத்துக்கு 'ட்ஸைட்', இங்கே 'ட்ஸீட்'. நான் முதலில் இவர்கள் சொல்லைத் தேய்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உண்மை நேர்மாறானது. இடைக்கால ஜெர்மனில் எல்லோரும் ஹூஸ் என்றுதான் சொன்னார்கள். மற்ற இடங்களில் ஒலி மாறியது. மலைகளுக்கு நடுவே இருந்தவர்கள் பழையதைக் காப்பாற்றி வைத்தார்கள். பேச்சு வழக்கைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்களைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மருத்துவர், நகர மேயர், பள்ளி ஆசிரியர், பால்காரர் என்று எல்லோரும் இந்த வழக்கில்தான் பேசிக்கொள்கிறார்கள். கடிதம், செய்தித்தாள், அரசு அறிவிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் எழுத்து ஜெர்மன். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று வாழும் நமக்கு இது புதியதா என்ன? ஆங்கிலம் மட்டும் அறிந்து வருகிறவரைவிடத் தமிழ் அறிந்து வருகிறவர் இந்த நிலைமையை விரைவில் புரிந்துகொள்ள முடியும். நான்தான் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

ஜெர்மன் மொழித் தேர்வின் ஆறு நிலைகளில் நான்காவதான பி2 நிலைச் சான்றிதழோடு வந்தேன். இந்தியச் செவிலியர் பட்டத்தை இங்குள்ள படிப்போடு ஒப்பிட்டு ஏற்கும் நடைமுறை நீளமானது. கூடுதலாகச் சில பாடங்களும் நேரடிப் பயிற்சியும் கேட்பார்கள். பாடத்திட்டம், நடைமுறைப் பயிற்சியின் மணிக்கணக்கு இரண்டையும் கல்லூரியிடமிருந்து விரிவாக எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். இங்கு வந்தபின் கேட்டு அனுப்பினால் மாதங்கள் ஓடும். அந்த இடைக்காலத்தில் உதவிச் செவிலியராக முதியோர் இல்லம் ஒன்றில் சேர்ந்தேன். மொழி உண்மையில் சோதிக்கப்படும் இடம் முதியோர் இல்லம்தான். மருத்துவமனையில் இளம் மருத்துவர்கள் நம் முகத்தைப் பார்த்ததும் எழுத்து ஜெர்மனுக்கு மாறிக்கொள்வார்கள். நினைவு மங்கிய எண்பத்தைந்து வயதுப் பெரியவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவருக்கு மிஞ்சியிருப்பது அவருடைய அம்மா பேசிய மொழி மட்டும்தான்.

அன்று என்னைத் தடுத்த மூத்த செவிலிதான் எனக்கு இந்த மொழியைக் கற்றுத் தந்தார். அவரை மனத்துக்குள் அக்கா என்றே அழைப்பேன். துருக்கிய வம்சாவளி. ஆஸ்திரியா 1964-இல் துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்ட பிறகு, இந்த ரைன் பள்ளத்தாக்கின் நூற்பாலைகளுக்கும் நெசவாலைகளுக்கும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அவருடைய அம்மாவும் அப்படி வந்தவர். டோர்ன்பிர்ன் ஒரு காலத்தில் முழுக்க முழுக்கத் துணி ஆலை ஊர். இன்று பெரும்பாலான ஆலைகளில் தறி ஓசை இல்லை. செங்கல் கட்டடங்கள் வேறு வேலைகளுக்கு மாறிவிட்டன. பஞ்சாலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த கோவைக்காரிக்கு அந்தக் கட்டடங்களைப் பார்த்தால் நெஞ்சு என்னவோ செய்யும். அக்கா பேசும் டோர்ன்பிர்ன் வழக்கைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், நான்கு தலைமுறையாக இங்கே மாடு வளர்த்த குடும்பத்துப் பெண் என்றுதான் சொல்வீர்கள்.

"நீ புத்தகத்தைப் பேசுகிறாய். ஆட்களைக் கேள்" என்றார் அக்கா. ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைச் சீருடைப் பையில் வைத்துக்கொண்டேன். இந்த வழக்குக்கு நிலையான எழுத்துமுறை கிடையாது. ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். அதனால் கேட்டதைக் கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கினேன். குறிலும் நெடிலும் வேறு வேறாக இருப்பதால் 'ஹூஸ்' என்பதை ஐயமில்லாமல் குறிக்க முடிந்தது. மாலையில் வீட்டுக்கு வந்து அந்த எழுத்தை வாய்விட்டுப் படித்தால் பேசியவரின் குரலே திரும்பக் கேட்பதுபோல் இருக்கும். இதைச் செய்யுங்கள், இதைவிடப் பயனுள்ள யோசனை என்னிடம் இல்லை.

அந்த நோட்டில் உள்ள சில சொற்கள் ஒரு செவிலிக்கு உயிர்நாடி. 'லுப்ஃபா' என்றால் தூக்குவது. 'ஹொக்கன்' புத்தகத்தில் குந்துவது. இங்கே வெறுமனே உட்காருவது. ஒருவர் "ஹொக் அப்" என்றால் அன்போடு உட்காரச் சொல்கிறார், குந்தச் சொல்லவில்லை. 'லோஸா' என்றால் செவிகொடுப்பது. 'ந்யும்மா' என்றால் 'இனி இல்லை'. கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டு சொன்னால் போதும் என்று பொருள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'ஷ்மெக்கன்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. எழுத்து ஜெர்மனில் சுவைப்பது. இங்கே மோப்பத்துக்கும் அதே சொல். ஒரு தாத்தா மூக்கைச் சுளித்தபடி அதைச் சொன்னபோது, மதிய உணவு பிடித்திருக்கிறது என்கிறார் போலும் என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு உடனே விரிப்பு மாற்ற வேண்டியிருந்ததைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கால் முறிவுக்குப் பிறகு நான் வலி என்ற சொல்லைக் கேட்டால் அடுத்த கேள்வியை வாயால் கேட்பதில்லை. "உங்கள் கையாலேயே தொட்டுக் காட்டுங்கள்" என்று சொல்லிக் காத்திருப்பேன். விரல் எங்கே போகிறதோ அதற்கு மேலும் கீழும் ஒரு மூட்டு வரை சேர்த்துப் பார்ப்பேன். புரியாத சொல் வந்தால் புரிந்ததுபோல் தலையாட்டுவதை அடியோடு விட்டுவிட்டேன். மரியாதை கருதி நம் ஊரில் பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் "சரிங்க" என்போம். இங்கே அந்த ஒரு தலையாட்டல் ஒருவரின் எலும்பை விலையாகக் கேட்டுவிடும். "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று மூன்று முறை கேட்டாலும் இந்த ஊர்க்காரர்கள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

வேலைக்கு வெளியே உள்ள வாழ்க்கையைப் பற்றியும் சில வார்த்தைகள். வீடு மாறினால் மூன்று நாட்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வங்கிக் கணக்கு முதல் நூலக அட்டை வரை எதற்கும் சிரமம். சுவிட்சர்லாந்துக்கும் பக்கத்துக் குட்டி நாடான லிக்டன்ஸ்டைனுக்கும் தினமும் வேலைக்குப் போய்வருவோர் இங்கே ஏராளம். அதனால் வாடகையும் அதிகம். முன்பணமாகப் பொதுவாக மூன்று மாத வாடகை கேட்பார்கள். சாவி வாங்கும் நாளில் சுவர், தரை, குழாய் என்று எல்லாவற்றையும் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் வீட்டில் அப்படிப் படம் இல்லாமல் பணத்தில் ஒரு பகுதி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடைகள் இருக்காது. இரவுப் பணி முடித்து ஞாயிறு காலை வெறும் குளிர்பெட்டியைத் திறந்து பார்க்கும் கவலையை ஒருமுறை பட்டால் போதும். பஸ் வசதி மட்டும் மனநிறைவு தரும். சின்ன மலைக் கிராமத்துக்கும் மஞ்சள் பஸ் நேரம் தவறாமல் போகிறது. கார் இல்லாமலே ஆறு ஆண்டுகள் ஓட்டிவிட்டேன்.

கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் ரைன் நதியைத் தாண்டுவேன். சுவிட்சர்லாந்துப் பக்கத்தில் ஈழத் தமிழர்கள் நாற்பது ஆண்டுகளாக வேரூன்றியிருக்கிறார்கள். முதல் முறை அங்கே ஒரு கடையில் "என்ன வேணும் தங்கச்சி?" என்று கேட்ட குரலைக் கேட்டுக் கண் கலங்கினேன். எல்லையில் பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுவிட்சர்லாந்து இல்லை என்பதால், 300 யூரோவுக்கு மேல் பொருள் வாங்கித் தரைவழியாகத் திரும்பினால் சுங்கத்தில் தெரிவிக்க வேண்டும்.

மலையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது, அங்கேயும் என் காது என்னைக் கைவிட்டது. இரண்டாம் ஆண்டு ஜூலையில், எப்னிட் என்ற மலைக் கிராமம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து 1,645 மீட்டர் உயரமுள்ள ஹோஹெ கூகெல் சிகரத்துக்குத் தனியாக ஏறினேன். நண்பகல் தாண்டியிருந்தது. வழியில் வேலி சரிசெய்துகொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து "அ வெட்டர் குட்" என்றார். வெட்டர் என்றால் வானிலை. 'குட்' என்பது எனக்கு 'நல்லது' என்று காதில் விழுந்தது. நன்றி சொல்லிவிட்டு மேலே நடந்தேன். நல்லது என்பதற்கு இங்கே 'குவட்' என்பார்கள். 'குட்' என்றால் 'வருகிறது'. வெட்டர் என்று தனியாகச் சொன்னால் இடிமழை. "இடிமழை வருகிறது" என்று அந்த மனிதர் எச்சரித்திருக்கிறார். புல்மூடிய மொட்டை முகட்டில் நான் நின்றபோது ரைன் பள்ளத்தாக்கின் மேல் வானம் கருநீலமாகியது. இடைவெளியே இல்லாமல் மின்னலும் இடியும் ஒன்றாக வந்தன. கைத்தடியை எறிந்துவிட்டு, சறுக்கி, முழங்கை சிராய்த்து, கீழே ஓடினேன். அந்த மனிதர் தன் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். ஒன்றும் கேட்காமல் சூடான தேநீர் கொடுத்தார்.

கோடையில் பிற்பகலில்தான் இடிமழை கூடும். அதனால் விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள். இங்கே பாதைக் குறிகள் மூன்று வகை. மஞ்சள்-வெள்ளை யாரும் நடக்கலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதை, நல்ல காலணி, தடுமாறாத நடை வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை மலையேற்றம் தெரிந்தவர்களுக்கு, நமக்கு வேண்டாம். மலையில் ஆபத்து என்றால் ஆஸ்திரியாவின் பிற மாநிலங்களில் 140, இந்த மாநிலத்தில் 144. குளிர்காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கையை அலட்சியம் செய்யவே கூடாது. 1954 ஜனவரியில் ப்ளோன்ஸ் என்ற கிராமத்தில் ஒரே நாளில் இருமுறை சரிந்த பனி ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எங்கள் இல்லத்தில் அந்த நாட்களை நினைவில் வைத்திருந்த முதியவர் ஒருவர், ஜன்னலுக்கு வெளியே கனமாகப் பனி விழுந்தால் இரவு முழுவதும் தூங்க மாட்டார். அப்போது விளக்கை அணைக்காமல் அவரோடு உட்கார்ந்திருப்போம்.

சாப்பாட்டில் எனக்கு வீட்டு நினைவைத் தந்தது ரீபெல். மக்காச்சோளக் குருணையையும் கோதுமை ரவையையும் பாலில் வேகவைத்து, ஆறியபின் வெண்ணெயில் கிளறிக் கிளறி உதிரி உதிரியாக வறுப்பார்கள். உப்புமாவேதான், தாளிப்பு மட்டும் இல்லை. ஏழைகளின் காலை உணவாக இருந்தது. பழைய ஆட்கள் ஒரு கரண்டி ரீபெலை எடுத்துப் பால் காபியில் முக்கிச் சாப்பிடுவார்கள். சாப்பிட மறுக்கும் முதியவர்களுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள் என்று அக்கா சொன்னார். பதப்படுத்திய மென்கஞ்சிக்கு வாயே திறக்காதவர்கள் ரீபெல் வறுபடும் மணத்துக்குத் தலையைத் திருப்புவதை நானே பார்த்திருக்கிறேன். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு மட்டும் உதிரியாகக் கொடுக்கக் கூடாது. 

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஊருக்கு ஊர் விறகைக் கோபுரமாக அடுக்கிக் கொளுத்துவார்கள். ஃபுங்கன் என்று பெயர். உச்சியில் சூனியக்காரிப் பொம்மை; தீ எட்டியதும் வெடிமருந்தோடு வெடிக்கும். முதல் ஆண்டு அந்தக் கூட்டத்தில் நின்றபோது திருக்கார்த்திகைச் சொக்கப்பனைதான் நினைவுக்கு வந்தது. அதே வெக்கை, அதே சாம்பல் மணம், அப்பாவின் தோளில் குழந்தைகள். தனியாக இருக்கும் நம்மவர்கள் இதுபோன்ற ஊர் விழாக்களுக்கு வீட்டில் அடைந்து கிடக்காமல் போக வேண்டும். எனக்கு இங்குள்ள நண்பர்கள் பெரும்பாலோர் அந்தத் தீயைச் சுற்றி நின்றபோது கிடைத்தவர்கள்தான்.

அந்தப் பாட்டிக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஏழு வாரங்கள் கழித்து நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அந்த இரவு நினைவில் இல்லை. ஆனால் நான் ஏன் கேட்கிறேன் என்று விடாமல் விசாரித்தார். பாதம், கால் என்று நான் குழம்பிய கதையைச் சொன்னேன். ரீபெல் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?" என்றார்.

"கால்."

அவர் தன் உள்ளங்கையை இடுப்பில் வைத்து, மெல்லத் தொடை, முழங்கால் என்று வழித்துக்கொண்டே குனிந்து, செருப்பின் நுனி வரை கொண்டுபோய் நிறுத்தினார். "இது முழுவதுமா?"

"முழுவதும்தான்."

"கால்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்து, ரீபெலைக் காபியில் முக்கினார்.